கட்டளை வரியில் ஒரு தேடல்

பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தினர், தங்கள் நகரைப் பற்றிச் சிறப்பு மலர் ஒன்றைத் தயாரிப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். உயர்ந்த கட்டடங்களும் பேரங்காடிகளும் நிறைந்த இந்நகர், 1950களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து நிலத்தில் உருவானது. கோலாலம்பூரில் பெருகிவந்த மக்களுக்குக் குடியிருப்புகள் தேவைப்பட்டதால், எஃபிங்ஹாம் என்னும் அத்தோட்டம் நகராக மாறியது. அங்குப் பால்மரம் சீவிய பாட்டி ஒருவரை, 2009ஆம் ஆண்டில் கழக உறுப்பினர் ஒருவர் நேர்காணல் செய்து எழுதியிருந்தார். பாட்டி இப்போது உயிருடன் இல்லை. அவர் சொன்ன செய்திகள் அந்த ஒரு கோப்பில் மட்டுமே உள்ளன. ஆனால், அக்கோப்பின் பெயர் யாருக்கும் நினைவில்லை. கழகக் கணினியிலோ பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன.

கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பல நாள்கள் ஆகும். ஆனால், அக்கணினி லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குகிறது. சரியான கட்டளையைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர், அக்கோப்புகள் அனைத்தையும் சில நொடிகளில் தேடிவிட முடியும். அக்கட்டளைகள் எவை? தமிழில் தேடும்போது எவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்?

லினக்ஸும் கட்டளை வரியும்

லினக்ஸ் 1991ஆம் ஆண்டில் பிறந்தது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் இதனைத் தொடங்கினார். இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எனவே, உலகின் பல நாடுகளைச் சேர்ந்த நிரலர்கள் இதனை வளர்த்தனர். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் வரை லினக்ஸ் இயங்குகிறது. மலேசிய அரசாங்கமும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிமுகப்படுத்தியது.

கணினிக்குச் சுட்டியால் பணியைக் காட்டலாம். விசைப்பலகையால் பணியைச் சொல்லவும் செய்யலாம். இரண்டாவது முறைக்கே கட்டளை வரி என்று பெயர். கருந்திரை போன்ற ஒரு சாளரத்தில் ஒரு வரியைத் தட்டச்சு செய்து நுழைவு விசையை அழுத்தியதும், கணினி அவ்வரியை நிறைவேற்றுகிறது. கட்டளைகள் ஆங்கில எழுத்துகளில் அமைந்தவை. எனினும், தேட வேண்டிய சொல்லையும் கோப்பின் பெயரையும் தமிழிலேயே கொடுக்கலாம்.

லினக்ஸில் கோப்புகள் ஒரு மரத்தைப் போல அடுக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'வேர்' எனப்படும் கோப்புறை. அதிலிருந்து கிளைகளாகப் பல கோப்புறைகளும், அவற்றிலிருந்து மேலும் சிறு கிளைகளும் பிரிகின்றன. தேடல் என்பது, இம்மரத்தின் எந்தக் கிளையில் தொடங்க வேண்டும், எதைப் பறித்து வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்வதாகும்.

பெயராலும் காலத்தாலும் தேடுதல்

முதல் கட்டளை 'ஃபைண்ட்'. இக்கட்டளையில் மூன்று பகுதிகளை வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதலில் கட்டளையின் பெயர். அடுத்து, தேடலைத் தொடங்க வேண்டிய கோப்புறை. இறுதியில், தேடப்படும் கோப்புக்குரிய நிபந்தனை. கட்டளை கிடைத்ததும் கணினி அக்கோப்புறையில் நுழைகிறது. அதனுள் இருக்கும் ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைந்து, ஒவ்வொரு கோப்பையும் நிபந்தனையோடு ஒப்பிடுகிறது. பொருந்துபவற்றின் இருப்பிடத்தைத் திரையில் வரிசைப்படுத்துகிறது.

கோப்பின் முழுப்பெயர் தெரியாவிட்டால் உடுக்குறி கைகொடுக்கும். உடுக்குறிக்கு, 'இங்கு எந்த எழுத்தும், எத்தனை எழுத்தும் வரலாம்' என்பது பொருள். '*நேர்காணல்*' என்று தேடினால், 'பாட்டி நேர்காணல்', 'நேர்காணல் 2' ஆகிய இரு கோப்புகளும் கிடைக்கும். இத்தகைய குறியை மேற்கோள் குறிக்குள் இடுவது அவசியம். இல்லாவிட்டால், 'ஃபைண்ட்' தன் வேலையைத் தொடங்கும் முன்பே, கட்டளை வரியை இயக்கும் 'ஷெல்' என்னும் நிரல் அக்குறிக்குத் தானாகவே பொருள் கொண்டுவிடும்.

பெயரே தெரியாத கோப்பையும் இக்கட்டளையால் தேட முடியும். கடந்த ஏழு நாள்களில் மாற்றப்பட்ட கோப்புகள், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் கடைசியாகத் திருத்தப்பட்ட கோப்புகள், பத்து மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகள் என்று காலத்தையும் அளவையும் நிபந்தனையாக்கலாம். ஆயினும், ஒரு கோப்பை நகலெடுக்கும்போது, நகலில் புதிய தேதி பதியக்கூடும். ஆகவே, பழைய கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றுவோர் அவற்றின் தேதியையும் காத்து மாற்ற வேண்டும்.

'லொக்கேட்' என்பது மற்றொரு கட்டளை. இது கோப்புறைகளுக்குள் சென்று தேடுவதில்லை. கோப்புகளின் பெயர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்த தரவுத்தளத்தில் தேடுகிறது. நூலகத்தின் அலமாரிகளில் நடந்து பார்ப்பது 'ஃபைண்ட்' என்றால், நூற்பட்டியலைப் புரட்டுவது 'லொக்கேட்' ஆகும். பட்டியலைப் புரட்டுவது விரைவானது. ஆனால், அப்பட்டியல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் உருவாக்கிய கோப்பு மாலையில் தேடினாலும் அகப்படாமல் போகலாம். விரைவு தேவையா, நடப்பு நிலை தேவையா என்பதைப் பொறுத்துக் கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்ளடக்கத்தால் தேடுதல்

கோப்பின் பெயர் மறந்தாலும் அதில் எழுதப்பட்ட செய்தி மறப்பதில்லை. பாட்டியின் நேர்காணலில் 'தோட்டம்' என்னும் சொல் நிச்சயம் இருக்கும். இப்படி உள்ளே இருக்கும் சொல்லைக் கொண்டு தேட உதவுவது 'கிரெப்' என்னும் கட்டளை. கோப்புறை ஒன்றையும் தேட வேண்டிய சொல்லையும் கொடுத்தால், அச்சொல் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் உள்ளது என்பதை இது காட்டும். விரும்பினால் கோப்புகளின் பெயர்களை மட்டும் பட்டியலிடும். சொல் இடம்பெற்ற வரிகளை எண்ணிச் சொல்லும். அச்சொல் இல்லாத வரிகளை மட்டும் காட்டவும் செய்யும்.

'கிரெப்' தோன்றியதற்கு ஓர் இலக்கிய ஆய்வும் காரணம் என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் உருவான 'யூனிக்ஸ்' இயங்குதளமே லினக்ஸின் முன்னோடி. அந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லீ மெக்மஹன் என்பவர், 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் எனப்படும் 85 கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787ஆம், 1788ஆம் ஆண்டுகளில் மூவர் ஒரே புனைபெயரில் எழுதிய கட்டுரைகள் அவை. அவற்றுள் எதனை யார் எழுதினார் என்பதைச் சொற்களின் பயன்பாட்டைக் கொண்டு அறிய அவர் முயன்றார். ஆனால், அக்காலக் கணினியின் உரைத்தொகுப்பி அவ்வளவு பெரிய உரையைத் தாங்கவில்லை. தொகுப்பிக்குள் இருந்த தேடும் பகுதியைத் தனியே பிரித்து, கென் தாம்சன் என்னும் அறிஞர் ஒரு புதிய கட்டளையாக்கிக் கொடுத்தார். 1973ஆம் ஆண்டு வாக்கில் அது யூனிக்ஸில் இடம்பெற்றது. அரை நூற்றாண்டு கடந்தும் அக்கட்டளை அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது.

எனினும், 'கிரெப்' வெற்று உரையை மட்டுமே நேரடியாகப் படிக்கும். சொற்செயலியில் சேமித்த ஆவணங்கள் பல, சுருக்கப்பட்ட வடிவில் இருப்பதால் அவற்றுக்குள் இருக்கும் சொல் அதற்குத் தெரியாது. வருடியால் படமாக எடுக்கப்பட்ட பக்கத்திலும் அது எதையும் காணாது. ஏனெனில், கணினிக்கு அப்பக்கம் எழுத்தன்று; வெறும் படம்.

தேடலுக்கு உதவும் இலக்கணம்

கழக மாணவர்கள் 'தோட்டம்' என்று தேடுகின்றனர். சில கோப்புகளே கிடைக்கின்றன. 'தோட்டத்தில் வேலை செய்தேன்', 'தோட்டமும் கோயிலும்', 'தோட்டப்புறப் பள்ளி', 'தோட்டங்கள்' என்று எழுதப்பட்ட வரிகள் எவையும் வரவில்லை. காரணம் என்ன?

கணினிக்குச் சொல்லின் பொருள் தெரியாது. எழுத்துகளின் வரிசை மட்டுமே தெரியும். தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. 'தோட்டம்' என்பதோடு 'இல்' சேரும்போது, இறுதி மகர மெய் கெட்டு 'அத்து' என்னும் சாரியை தோன்றுகிறது, 'தோட்டத்தில்' ஆகிறது. 'உம்' சேரும்போது மகர மெய் 'மு' ஆகிறது. பன்மையில் அது 'ங்' ஆகத் திரிகிறது. வல்லினம் தொடரும்போது மறைந்து, வல்லின மெய்க்கு இடங்கொடுக்கிறது. புணர்ச்சி விதிகளை அறிந்தவருக்கு இவை யாவும் ஒரே சொல். கணினிக்கோ வெவ்வேறு எழுத்து வரிசைகள்.

ஆகவே, எல்லா வடிவங்களிலும் மாறாமல் நிற்கும் 'தோட்ட' என்னும் பகுதியைத் தேடுவது நல்லது. ஆனால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. துப்பாக்கியில் இடும் 'தோட்டா'வும் பட்டியலில் வந்து நிற்கும். குறைவாகக் கேட்டால் வேண்டாததும் வருகிறது. கூடுதலாகக் கேட்டால் வேண்டியதும் விடுபடுகிறது. இதற்கு இடைப்பட்ட வழியைக் 'கிரெப்' தருகிறது. சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளை இட்டால், 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்று அது பொருள் கொள்ளும். 'தோட்ட[மதபங]' என்று தேடினால், தோட்டம், தோட்டத்தில், தோட்டப்புறம், தோட்டங்கள் ஆகிய அனைத்தும் கிடைக்கும், 'தோட்டா' விலகிவிடும். இவ்வாறு சொல்லுக்குப் பதிலாகச் சொல்லின் அமைப்பைக் கொடுத்துத் தேடும் முறை, கணினித் துறையில் 'ஒழுங்குக் கோவை' எனப்படுகிறது.

பிறமொழிப் பெயர்களைத் தேடவும் இம்முறை பயன்படும். 'எஃபிங்ஹாம்' என்று ஒருவர் எழுதியிருப்பார். 'எபிங்ஹாம்' என்றும் 'எஃபிங்காம்' என்றும் பிறர் எழுதியிருப்பர். மூன்றிலும் பொதுவாக இருப்பது 'பிங்'. அதன்பின் வருவது 'ஹ' அல்லது 'க'. எனவே, 'பிங்[ஹக]' என்று தேடினால் மூன்று வடிவங்களும் அகப்படும். எத்தகைய எழுத்து வேறுபாடுகள் இருக்கக்கூடும் என்று ஊகிப்பது தேடுபவரின் மொழியறிவைப் பொறுத்தது.

எழுத்துக்குப் பின்னால் ஓர் எண்

இவ்வளவு தேடியும் பாட்டியின் நேர்காணல் கிடைக்கவில்லை என்றால், வேறொரு காரணமும் இருக்கலாம். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. திரையில் தெரியும் வடிவத்தை அது தேடுவதில்லை. வடிவத்திற்குப் பின்னால் இருக்கும் எண்ணையே தேடுகிறது.

ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர், எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கினர். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றோர் எழுத்துருவில் திறந்தால், புரியாத குறிகளே தோன்றின. இக்குழப்பத்தைத் தீர்க்க, பல நாடுகளில் வாழும் தமிழ் வல்லுநர்கள் 1990களின் பிற்பகுதியில் கலந்து பேசித் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியாக்கத்தை வகுத்தனர். அதே வேளையில், உலக மொழிகள் அனைத்துக்கும் உரிய ஒருங்குறியும் வளர்ந்து வந்தது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி அதில் உள்ளது. காலப்போக்கில் ஒருங்குறியே எங்கும் நிலைபெற்றது.

ஒருங்குறியிலும் கவனம் தேவை. 'ஔவையார்' என்னும் பெயர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உயிரெழுத்தாகிய 'ஔ'வுக்கு ஒருங்குறியில் 2964 என்னும் ஒரே எண் உண்டு. ஆனால், பலர் 'ஒ' என்னும் எழுத்தையும் 'ள' என்னும் எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்து 'ஒளவையார்' என்று எழுதிவிடுகின்றனர். அவற்றின் எண்கள் 2962, 2995. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. சரியான எழுத்தைத் தட்டச்சு செய்வது அழகுக்காக மட்டுமன்று. பின்னால் வருபவர் தேடிக் கண்டடைவதற்காகவும்தான்.

தேடக் கிடைக்கும் தமிழ்

கணினியில் தமிழ் இன்றைய நிலையை எட்டியதில் மலேசியத் தமிழர்களுக்கும் பங்குண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், 1980களின் நடுப்பகுதியிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். அது பின்னர் 'முரசு அஞ்சல்' எனப் புகழ்பெற்றது. அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு, ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் இடம்பெற்றுள்ளது. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. எழுத்துரு, குறியாக்கம், விசைப்பலகை ஆகியவை குறித்த ஆய்வுகள் இத்தகைய மாநாடுகளில் தொடர்ந்து முன்வைக்கப்பட்டன.

பழந்தமிழ் நூல்களைத் தேடக் கிடைக்கச் செய்த முயற்சிகளுள் மதுரைத் திட்டம் குறிப்பிடத்தக்கது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் இத்திட்டம் தொடங்கியது. பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் கொடுத்தனர். திருக்குறளே இதன் முதல் மின்னூல். தொடக்கத்தில் பழைய எழுத்துருக்களிலும் பிறகு திஸ்கியிலும் வெளிவந்த நூல்கள், பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அவ்வாறு மாற்றியதால்தான், இன்று ஒரு மாணவர் 'கிரெப்' கட்டளையைக் கொண்டு, திருக்குறளில் 'கல்வி' என்னும் சொல் எந்தெந்த வரிகளில் வருகிறது என்பதைக் கண்சிமிட்டும் நேரத்தில் அறிய முடிகிறது.

கழகத்தினர் தேடிய நேர்காணலுக்கு வருவோம். சொல்லால் தேடியது பலனளிக்காததால், அவர்கள் 'ஃபைண்ட்' கட்டளைக்குத் திரும்புகின்றனர். 2009ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட கோப்புகளை மட்டும் கேட்கின்றனர். பன்னிரண்டு கோப்புகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'புதிய கோப்பு 3'. திறந்தால் புரியாத குறிகள். அது திஸ்கியில் எழுதப்பட்ட உரை. லினக்ஸிலுள்ள 'ஐகான்வ்' என்னும் கட்டளை அதனை ஒருங்குறிக்கு மாற்றுகிறது. குறிகள் மறைந்து, பாட்டியின் சொற்கள் தமிழாகத் திரையில் தோன்றுகின்றன.

மாற்றிய உரையை 'எஃபிங்ஹாம் தோட்டம் பாட்டி நேர்காணல் 2009' என்னும் பெயரில் சேமித்து, மூலக் கோப்பையும் அழிக்காமல் வைக்கின்றனர். கட்டளை வரியில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. 'ஃபைண்ட்' கட்டளையோடு அழிக்கும் ஆணையையும் சேர்த்துவிட்டால், கிடைத்த கோப்புகள் அனைத்தும் கேள்வியின்றி அழிந்துவிடும். அவை குப்பைத்தொட்டிக்குக்கூடச் செல்லா. எனவே, முதலில் தேடிப் பட்டியலைப் பார்த்த பிறகே அடுத்த செயலில் இறங்க வேண்டும்.

கட்டளை வரி சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததை ஊகித்துக்கொள்ளாது. ஆகவே, எங்கே தேடுவது, எந்த வடிவத்தில் தேடுவது, எந்தக் குறியாக்கத்தில் இருக்கும் என்று சிந்திக்கும் பொறுப்பு தேடுபவருடையது. சாரியையும் புணர்ச்சியும் வகுப்பறையோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல. ஒரு பாட்டியின் குரலை ஆயிரம் கோப்புகளுக்கிடையிலிருந்து மீட்கவும் அவை உதவும். இன்று எழுதுபவர் பொருத்தமான பெயரிட்டு, சரியான எழுத்தில், பொதுவான குறியாக்கத்தில் எழுதி வைத்தால், நாளை தேடுபவருக்கு அது தவறாமல் கிடைக்கும்.